சும்மா வட்டு

ஜூலை 9: வேலை வட்டு, 52.61 மில்லிகிராம்.
ஜூலை 9: சும்மா வட்டு, 52.48.
ஜூலை 11: வேலை வட்டு, 52.70.
நவம்பர் 3: சும்மா வட்டு, 50.36.

நான்காவது எண்ணைப் பார்த்ததும் இடுக்கிக்காரருக்குக் காது மடல் சுட்டது. அறையில் வேறு யாருமில்லை. இருந்தும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

தொழிற்சாலையின் எடை அறையில் காற்றுத் தூசியை நிறுப்பது அவர் வேலை. வெல்டிங் செய்பவரின் இடுப்பில் ஒரு சிறு பம்பு, காலரில் காகிதம்போல் மெல்லிய வெள்ளை வட்டு. பம்பு இழுக்கும் காற்று வட்டின் வழியே போகும். புகை அதில் தங்கிவிடும். முன்னும் பின்னும் நிறுத்துக் கழித்தால் புகையின் எடை கிடைக்கும். வட்டை இடுக்கியால்தான் தொடுவார். பெண்டாட்டி கையையே இடுக்கியால் பிடித்தவர் என்று ஆலையில் கேலி உண்டு.

வட்டுகள் ஈரத்தைக் குடிக்கும். ஆகவே பெட்டியைத் திறந்ததும் அந்த உலர்ந்த அறையில் ஒரு நாள் ஆறப்போட வேண்டும். கூடவே, பம்பில் மாட்டாத ஒரு வட்டையும் முன்னும் பின்னும் நிறுக்க வேண்டும். ஈரத்தால் எடை மாறியிருந்தால் இந்தச் சும்மா வட்டு காட்டிக்கொடுத்துவிடும்.

ஜூலையில் மழை பிடித்துக்கொண்ட வாரம். வெல்டிங் பட்டறையில் புகை உறிஞ்சும் கூண்டு வேண்டுமா என்று முடிவு செய்ய நிர்வாகம் அளவு கேட்டது. தொழிலாளர்களுக்கு அவரே விளக்கமும் சொல்ல வேண்டும் என்றது. மேடையேறும் சந்தோஷத்தில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கரும்பலகையில் வண்ணச் சாக்பீஸால் படம் போட்டுப் பழகினார். ஆறப்போட நேரம் எங்கே? ஈர வட்டுகளை அப்படியே நிறுத்து அனுப்பினார். திரும்பி வந்த வேலை வட்டை முறைப்படி ஆறவைத்து நிறுத்தார். சும்மா வட்டை மேஜை இழுப்பறையில் போட்டு மறந்தார்.

வேலை வட்டை மாட்டிக்கொண்டு வெல்டிங் செய்தவன் அவர் மனைவியின் தம்பி, பட்டறையின் மூத்த வெல்டர். விளக்கத்தின் நடுவே அவன்தான் எழுந்தான்.

“மாமா, வட்டுல ஓட்டை பெருசு, புகை பொடிசுன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் எப்படிப் பிடிக்கும்?”

“இது சல்லடை இல்லடா மச்சான். பெரிய தூசி நேரா போய் முட்டும். ரொம்பப் பொடிசானது, காத்து இடிக்கிற இடியில நிலைகொள்ளாம தள்ளாடும். வட்டுக்குள்ள வழியெல்லாம் வளைசல். தள்ளாடுறது ஏதாவது ஒரு பக்கம் பட்டு அங்கேயே ஒட்டிக்கும்.”

“சம்பளத்தன்னிக்கு நம்ம பெயிண்டர் வீட்டுக்குப் போற மாதிரியா?”

பெயிண்டர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அவன் விடவில்லை.

“அதான் பிடிச்சிருச்சே, வட்டு கறுத்துக் கிடக்கு. நீங்க ஒண்ணுமே இல்லைங்கறீங்க?”

“கண்ணாலயே நிறுக்கிறவனுக்குத் தராசு எதுக்கு? லீவு வேணும்னா நேரா கேளு, புகை மேல பழியைப் போடாதே.”

மறுபடியும் சிரிப்பு. மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. கூண்டு வேண்டாம் என்று முடிவானது.

நவம்பரில் இழுப்பறையை ஒழித்தபோது சும்மா வட்டு அகப்பட்டது. காய்ந்து இரண்டு மில்லிகிராமுக்கு மேல் இழந்திருந்தது. அப்படியென்றால் வேலை வட்டும் அவ்வளவு ஈரத்தை இழந்திருக்கும். அந்த இடத்தைப் புகை நிரப்பியிருக்கும். கூட்டிப் பார்த்தார். அனுமதித்த அளவைத் தாண்டிப் போயிற்று. வட்டு பிடித்துத்தான் வைத்திருந்தது, கறுத்தும் காட்டியது.

வீட்டில் சொன்னபோது மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“தம்பி விடாம இருமுறான்னு நான் சொன்னப்போ, சிகரெட்டை விடச் சொல்லுன்னீங்க. அவன் சிகரெட்டைத் தொட்டதே இல்லைங்க.”

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், அதே கரும்பலகையின் அருகே போய் நின்றார். மச்சானைப் பார்த்துச் சொன்னார்.

“வட்டு சரியாத்தான் பிடிச்சிருக்கு. நான்தான் ஈரத்தோட நிறுத்துத் தொலைச்சேன். உன்னை எல்லார் முன்னாடியும் கேலி பண்ணினதும் தப்பு.”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது. மச்சான் சாப்பாட்டு டப்பாவை மூடினான்.

“பரவாயில்லை சார்.”

அதுவரை வாய் நிறைய மாமா என்றவன். பிறகு வீட்டுக்கு வந்தாலும் வாசலில் நின்று, “அக்கா இருக்காங்களா சார்?” என்றுதான் கேட்டான்.

திரும்ப அளக்க வேண்டும், நிறுப்பதற்கு வேறு ஆளை வைக்க வேண்டும் என்று நிர்வாகத்துக்கு அவரே எழுதினார். பார்க்கிறோம் என்றது முதல் பதில். ஆள் வருவார் என்றது இரண்டாவது. கூண்டு பொருத்த அனுமதி தந்த கடைசிக் கடிதம் பிப்ரவரி 17ஆம் தேதி வந்தது.