மூன்று ஓலையை மிச்சம் பிடித்தவன்

அந்துவான் எட்டாம் மாதத்திலேயே பிறந்தவன். அதை ஒரு பட்டம் போலச் சொல்லிக்கொள்வான். "எந்த வேலைக்கும் நான் முன்கூட்டியே வந்துடுவேண்ணே. பொறக்கும்போதே அப்படித்தான்" என்பான். முன்கூட்டி வந்து என்ன கிழித்தாய் என்று நான் கேட்டதில்லை. கேட்டாலும் நின்று பதில் சொல்ல அவனுக்கு நேரம் இருந்திருக்காது.

சைகோனில் ஒரு வெள்ளைக்காரர் கம்பெனியில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் ஊர் திரும்பினான். மற்றவர்கள் சைகோனிலிருந்து பட்டும் பீங்கானும் கொண்டுவருவார்கள். இவன் ஒரு கைக்கடிகாரமும், தன் முதலாளியான பத்ரோன் சொன்ன உபதேசம் ஒன்றும் கொண்டுவந்தான். சும்மா உட்கார்ந்திருக்கிறவன் தன் பையிலிருந்தே திருடுகிறான் என்பது அந்த உபதேசம். பத்ரோன் அதை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டுதான் சொல்லியிருப்பார். இவனுக்கு அது உறைக்கவில்லை.

என் வெற்றிலை பாக்குக் கடைக்குப் பக்கத்துக் கடையைப் பிடித்து, சோடாவும் லிமொனாது என்கிற எலுமிச்சை சோடாவும் போட ஆரம்பித்தான். எங்கள் புதுச்சேரியில் பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தால் ஊர் சாப்பிட்டுப் படுத்துக்கொள்ளும். துரைமார் வீட்டுச் சன்னலும் சாத்திக்கொள்ளும், என் கடைப் பலகையும் சாத்திக்கொள்ளும். பிரெஞ்சுக்காரன் எங்களுக்குச் செய்த நன்மைகளில் இது ஒன்றை மட்டும் நான் எங்கேயும் ஒப்புக்கொள்வேன். அந்துவானோ "மத்தியானமும் திறந்திருக்கும்" என்று பெரிய எழுத்தில் எழுதி மாட்டினான். ஊரே தூங்கும்போது அவன் மட்டும் கடையில் நின்று, காலையில் துடைத்த பாட்டிலையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருப்பான். வந்த ஒரே வாடிக்கை ஒரு காக்கை. அதுவும் தண்ணீர்த் தொட்டிக்காக வந்தது.

பாட்டிலில் காஸ் ஏற்றுவதற்கு ஒரு கணக்கு உண்டு. அவன் அந்தக் கணக்கையும் முந்தப் பார்ப்பான். பதறிய காரியம் சிதறும் என்பார்கள். அவன் கடையில் அது தினம் இரண்டு தடவை சத்தத்தோடு சிதறியது. படுத்திருக்கும் நான் தூக்கிவாரிப்போட்டு எழுந்து, பிரெஞ்சுக்காரன் கொண்டாடும் பதினாலாம் ஜூலை வாணவேடிக்கை இன்றைக்கா என்று விசாரிப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருவான், இல்லையென்று சொல்லமாட்டேன். வாசற்படி ஓரமாக நின்று, சாமியார் கடைசி ஆசீர்வாதத்துக்குக் கையைத் தூக்கும்போது தெருவில் சைக்கிளை மிதித்துக்கொண்டிருப்பான். சாப்பாட்டுக்கு முன் எங்கள் வீடுகளில் நன்றி சொல்லி ஒரு செபம் சொல்லுவோம். அதை அவன் காலையிலேயே மூன்று வேளைக்கும் சேர்த்து மொத்தமாகச் சொல்லிவிடுவான். "அவருக்குத் தெரியாதாண்ணே, ராவுக்கும் சேத்துத்தான் சொல்றேன்னு?" என்று கேட்டான். சர்வேசுரனிடமே மொத்த வியாபாரம் செய்த முதல் ஆள் இவன்தான்.

இப்படிப்பட்டவனுக்கு மதலேன் மேல் மனசு விழுந்தது. மதலேன் கன்னியாஸ்திரீகள் நடத்தும் தையல் அறையில் துணிகளுக்குப் பூவேலை செய்கிறவள். அப்பா ராஜாங்கம் ஒரு பிரெஞ்சு வீட்டில் சமையல் பார்க்கும் குசினிக்காரர். ஒருநாள் அந்துவான் மடத்துக்கு லிமொனாது கொண்டுபோனபோது வாசலிலேயே ஒரு பாட்டில் வெடித்தது. கன்னியாஸ்திரீகள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மதலேன் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து மடத்துச் சரக்கை அவன் வேறு யாரிடமும் கொடுத்தனுப்பவில்லை.

அவன் பெண் பார்க்கப் போனபோது நானும்தான் கூடப் போனேன். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை. கொதிக்கக் கொதிக்க வந்த காப்பியை நின்றபடியே ஒரே மடக்காக ஊற்றிக்கொண்டான். நாக்கு வெந்துபோய் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை வரவில்லை. பையன் ரொம்ப அடக்கம் என்று அந்த வீட்டில் சந்தோஷப்பட்டார்கள்.

அந்தப் பெண்ணோ நேர்மாறு. ஊசியில் நூல் கோத்துவிட்டால் "ஆண்டவருக்குத் தோத்திரம்" என்பாள். சன்னல் வழியாகக் காற்று வந்தால் அதற்கும் ஒரு தோத்திரம். ஒரு ரோசாப்பூவை மூன்று நாள் தைப்பாள். முதலில் எனக்கு அது நடிப்பு என்றுதான் பட்டது. பிறகு பார்த்தால், அவளுக்கு நடிக்கத் தெரியாது. கிடைத்ததைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பாள், அவ்வளவுதான்.

ஆண்டவர் உயிர்த்தெழுந்த பாஸ்குத் திருநாள் முடிந்து, மே மாதத்தில் கலியாணம் என்று பேசி முடித்தார்கள். எங்கள் வேதத்தில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்கவேண்டும். இன்னார் மகன் இன்னாரும், இன்னார் மகள் இன்னாரும் கலியாணம் செய்துகொள்ளப் போகிறார்கள், விக்கினம் ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று சாமியார் சபைக்கு அறிவிப்பார். மூன்று ஓலையும் தாண்டினால்தான் தாலி. அந்துவான் விரலை மடக்கிப் பார்த்தான். வெயில் காலம், சோடா பறக்கிற நேரம். இதில் மூன்று வாரம் கலியாண நினைப்பிலேயே ஓடுவதா? ஓலை இல்லாமலே கட்டிக்கொள்ள, சாமியாருக்கெல்லாம் மேலான மேற்றிராணியாரிடம் உத்தரவு வாங்கலாம் என்று எவனோ அவனுக்குச் சொல்லியிருக்கிறான். யாரிடமும் கேட்காமல், பெண் வீட்டாரிடமும் சொல்லாமல் சாமியாரிடம் போய் நின்றான்.

அங்கே நடந்ததை அன்று சாயங்காலம் அவனே பெருமையாகச் சொன்னான். சாமியார் எதற்கு அவசரம் என்று கேட்க, சோடா சீசன் என்று இவன் சொல்லியிருக்கிறான். சோடாவுக்காக எந்த மனிதனாவது ஓலையை விடுவானா? வெட்கப்பட்டு எதையோ மறைக்கிறான் என்று அந்த நல்ல மனுஷர் நினைத்துவிட்டார்.

"மகனே, மனுஷன் பலவீனமானவன். நடந்தது நடந்துபோச்சு. இப்ப அந்தப் பொண்ணோட மானத்தைக் காப்பாத்தணும், அதுக்குத்தானே?" என்று மெதுவாகக் கேட்டாராம்.

இவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே "ஆமாஞ் சாமி, அதேதான்" என்றானாம்.

உத்தரவு உடனே வந்தது. "பாத்தீங்களாண்ணே, மூணு வாரம் மிச்சம்" என்று காகிதத்தை என் முன்னால் ஆட்டினான். சாமியார் கேட்டது என்ன என்று இவன் யோசிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊரே முதல் ஓலைக்குக் காத்திருந்தது. சாமியார் பிரசங்கம் முடித்து, ஓலை வாசிக்காமல் இறங்கிவிட்டார். புதன்கிழமை கலியாணம் என்ற சேதி மட்டும் பரவியது. பெண்கள் பக்கம் முக்காடுகள் ஒன்றையொன்று திரும்பிப் பார்த்துக்கொண்டன. பூசை முடிந்து வீதிக்கு வருவதற்குள் ஊர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டது. என் வீட்டுக்காரி ஆயம்மா மாலையில் செபமாலை உருட்டுகிறாள் என்று பார்த்தேன். அவளும் மாதம்தான் எண்ணிக்கொண்டிருந்தாள்.

இதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. சாமியார் மறுநாள் மதலேனைக் கூப்பிட்டனுப்பி, செய்த பாவத்துக்கு மன்னிப்பு உண்டு, மனம் தளராதே மகளே என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார். அந்துவானின் விரல் நுனியைக்கூடத் தொட்டறியாத பெண் அவள்.

அன்று மத்தியானம் ராஜாங்கம் சோடாக் கடைக்கு வந்தார். அந்தக் கடைக்கு அந்த நேரத்தில் வந்த முதல் மனுஷர் அவர்தான். பலகைக்குப் பின்னால் படுத்திருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"வாங்க மாமா. லிமொனாது குடிக்கறீங்களா?"

"எம்பொண்ணப் பத்திச் சாமியார்கிட்ட இன்னா சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லலியே மாமா. அவரு கேட்டாரு, ஆமான்னேன்."

"இன்னா கேட்டாரு?"

பாட்டில் துடைக்கிற சத்தம் நின்றது. அப்போதுதான் முதல் தடவையாக அவன் அந்தக் கேள்வியைக் காதில் வாங்கிப் பார்த்திருக்கவேண்டும். "டைம் ஆயிட்டிருந்துது மாமா" என்றான். ராஜாங்கத்தின் செருப்புச் சத்தம் தெருவில் இறங்கிப் போனது.

சாயங்காலம் அவன் என்னையும் இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனான். தனியாகப் போகப் பயம். மதலேன் உள்கதவு ஓரமாக வந்து நின்றாள். அழவில்லை, சத்தம் போடவில்லை.

"எத்தினியோ வருசமா மத்த பொண்ணுங்க கலியாணத் துணிக்குப் பூப் போட்டுத் தரேன். ஒவ்வொருத்தி பேரையும் மூணு ஞாயிறு கோயில்ல படிச்சுக் கேட்டிருக்கேன். எம்பேரையும் ஒருநாளு படிப்பாங்கன்னு இருந்தேன். எனக்குன்னு ஆசை அது ஒண்ணுதான். அதப் போயி மிச்சம் புடிச்சீங்களே."

"மூணு வாரந்தானேன்னு..." என்று இழுத்தான் அந்துவான்.

"மூணு வாரந்தான். எனக்கு இருந்ததே அதான்."

எனக்கு அவனைக் கன்னத்தில் ஒன்று போடலாம் போலிருந்தது. பெரியவர் முன்னால் பொறுத்துக்கொண்டேன்.

"ஊரு வெரல மடக்குது" என்றாள் அவள். "மடக்கி முடிக்கட்டும். பத்து மாசம் போவட்டும். அப்புறமா மூணு ஓலையும் படிக்கச் சொல்லுங்க. அதுவரிக்கும் இருக்க முடிஞ்சா இருங்க. முடியலன்னா இப்பவே சொல்லிட்டுப் போயிடுங்க, நான் கோவிச்சுக்கமாட்டேன்."

அவன் கை பழக்கத்தில் கடிகாரத்துக்குப் போனது. பாதியில் நின்றது. "இருக்கேன்" என்றான்.

ஊரில் யாரும் நம்பவில்லை. நவம்பரில் வரும் கல்லறைத் திருநாளுக்குள் வேறு பெண் பார்த்துவிடுவான் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். காத்திருப்பதையும் அவசரமாகச் செய்துவிடலாம் என்றுதான் அவன் முதலில் நினைத்தான். விடிவதற்கு முன்பே எழுந்தால் நாள் சீக்கிரம் முடியும் என்று எழுந்து பார்த்தான். நாள் இன்னும் நீண்டுபோனது. மழைக்காலம் வந்து சோடா படுத்துக்கொள்ள, போக்கிடம் இல்லாமல் என் கடையில் வந்து உட்கார்ந்தான். ஒருநாள் மத்தியானம் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான். எழுந்து திருதிருவென்று விழித்து, "எவ்ளோ நேரம் போயிடுச்சுண்ணே?" என்று கேட்டான். போனதில் உனக்கு என்ன குறைந்தது என்று கேட்டேன். உடம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

இன்னொரு நாள் எனக்கு ஒரு லிமொனாது உடைத்துக் கொடுத்தான். நன்றாயிருக்கிறது என்றேன்.

"அப்படியா?" என்றான், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு.

"இன்னாடா அப்படியா? நீ குடிச்சதே இல்லியா?"

குடித்ததே இல்லை. ஊருக்கெல்லாம் விற்றவனுக்குத் தன் சரக்கின் ருசி தெரியாது. ஒரு பாட்டிலைத் திறந்து, என் பெஞ்சில் உட்கார்ந்து, மிடறு மிடறாகக் குடித்து முடித்தான். பிறகு யாராவது பார்க்கிறார்களா என்று அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "ஆண்டவருக்குத் தோத்திரம்" என்று முணுமுணுத்தான். நான் காது கேளாதவன் போல வெற்றிலை அடுக்கினேன். கேலி செய்ய அதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு அதற்கு முன்னும் பின்னும் வாய்க்கவில்லை.

பத்து மாதம் முடிந்த அன்று அவன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு சாமியாரிடம் ஓடினான். பழைய புத்தி எங்கே போகும்? போனபோது பாஸ்குக்கு முந்தின நாற்பது நாள் நோன்பான தபசுகாலம் நடந்துகொண்டிருந்தது. தபசுகாலத்தில் எங்களுக்குக் கலியாணம் கிடையாது. பாஸ்கு கழித்து வா என்று அனுப்பிவிட்டார். மூன்று வாரத்தை மிச்சம் பிடிக்கப் போனவனுக்கு ஒரு வருஷம் செலவாகிவிட்டதே என்று வீதியில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பத்து மாதத்துக்கு முன் என்றால் சிரிக்க நேரமில்லை என்றிருப்பான்.

பாஸ்கு முடிந்த அடுத்த ஞாயிறு முதல் ஓலை. அந்துவான் வாசற்படியை விட்டு உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். சாமியார் பிரசங்கம் முடித்து, காகிதத்தை விரித்து, நிதானமாக வாசித்தார். ராஜாங்கம் குமாரத்தி மதலேன் என்று அவர் சொன்னபோது பெண்கள் பக்கம் ஒரு முக்காடு மெல்லக் குனிந்தது. அதற்குப் பிறகு அது நிமிரவில்லை. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. விக்கினம் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் சபையைப் பார்த்தார். போன வருஷம் விரல் மடக்கிய அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஆயம்மா உள்பட.

பூசை முடிந்து ஆசீர்வாதமும் ஆகி, கோயில் காலியாகத் தொடங்கியது. அந்துவான் எழவில்லை. பன்னிரண்டு மணி நெருங்குகிறது, எனக்குச் சாப்பாடு, தூக்கம் இரண்டும் காத்திருக்கின்றன. வாடா என்று தோளைத் தட்டினேன்.

அவன் பெண்கள் பக்கம் இன்னும் நிமிராத அந்த முக்காட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே" என்றான், "இதையாண்ணே நான் மிச்சம் புடிக்கப் பாத்தேன்?"

நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.