நாலு நிமிஷத்தில் ஒரு பாலம்

2011 ஆகஸ்ட் 25, வியாழன், காலை 8.20. கடலூர்–சிதம்பரம் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவர்கள் 23 பேர். எண்ணியது நான்தான், வேறு வேலை இல்லை.

பக்கத்தில் நின்றவர் எங்கள் எம்.எல்.ஏ.வுக்குச் சட்டசபைப் பேச்சு எழுதித் தருபவர். எங்கள் ஊர், மாமா முறை. விடுவேனா?

"மாமா, வாய்க்கால் பாலம் இடிஞ்சதுலேருந்து ஊருக்குள்ள பஸ் வர்றதில்ல. சபையில கேட்டாரா இல்லையா?"

"எழுதிதான் குடுத்தேன் மாப்ள. பேச நாலு நிமிஷம். தலைவரைப் புகழவே மூணரை போயிடுச்சு. பாலம்னு ஆரம்பிச்சாரு, மணி அடிச்சிட்டாங்க."

"சபை நடக்குற செலவு நம்ம வரிப்பணம் மாமா. புகழ்ச்சிக்கு முப்பது செகண்டுன்னு விதி போடணும். தாண்டுனா மைக் தானா அணையணும். டைமர் நான் செஞ்சு தர்றேன்."

"அந்த விதிய எம்.எல்.ஏ.ங்கதான் எழுந்து கேக்கணும். அதுக்கும் நாலு நிமிஷம்தான்."

முன் சீட்டுக்காரர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது.

"அப்ப புகழ்ச்சியிலயே பாலத்தச் சேத்துடுங்க. 'எங்கள் ஊர் வாய்க்கால் பாலத்தை இந்த ஆண்டே கட்டித்தரப்போகும் தலைவர் அவர்களே'ன்னு ஆரம்பிங்க. மணி அடிச்சாலும் கவலை இல்ல."

மாமா என்னிடம் பேனா வாங்கி, கையிலிருந்த பேப்பரின் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

இனி நான் செய்யப்போவது:

1. விதியை மாற்றச் சொல்லிச் சபாநாயகருக்கு ஒரு பக்க மனு. அதில் புகழ்ச்சி இருக்காது.

2. மாமாவுக்கு இன்னும் ஆறு புகழ்ச்சி வரிகள். எல்லாவற்றிலும் பாலத்தின் நீள அகலம் இருக்கும்.

3. உங்கள் ஊரில் ரோடு, பாலம் எது பாக்கியோ கமெண்டில் போடுங்கள். தலைவருக்குப் பட்டமாக மாற்றித் தருகிறேன்.