ஏரிக்குள் திறந்த பாதை

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, இதைச் சிரித்த முகத்தோடு என்னால் சொல்ல முடியாது. முதலிலேயே மன்னித்துக்கொள்ளுங்கள்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம் திண்டிவனத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக் காருக்கு டிரைவர் ஆனேன். தினமும் காலையில் நர்ஸம்மாவை ஏற்றிக்கொண்டு விழுப்புரம் ரோட்டில் போய், உள்ளே திரும்பி, ஒரு கிராமத்து டிஸ்பென்சரியில் விட வேண்டும். வழியில் ஓர் ஊர். பெயர் சொல்ல மனமில்லை. எங்கள் சேரிக்காரன் அந்தத் தெருவில் வண்டி ஓட்டி வந்தால் இறங்கி, செருப்பைக் கழற்றி, மாட்டைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். உனக்கும் அதேதான் என்றார் ஊர்ப் பெரியதனக்காரர். மோட்டார் தானாக நடக்காதுங்க என்றேன்.

"அப்போ தள்ளிக்கினு போ."

தள்ளினேன். என்ஜினை நிறுத்தி, ஒரு கையை ஸ்டீயரிங்கில் வைத்து, தோளைக் கொடுத்துத் தெரு முழுக்கத் தள்ளினேன். போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை. நர்ஸம்மா நம் சபைக்காரர்தான். உள்ளேயே உட்கார்ந்திருந்தார். பொறுத்துக்கொள், கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றார். உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம்.

சித்திரை வெயிலில் உள்ளங்கால் கொப்பளித்துவிட்டது. வீட்டில் முழங்கால் போட்டு அழுதேன். ஆண்டவரே, அந்தத் தெருவில் ஒரு நாளாவது உட்கார்ந்து போகவையும், இல்லாவிட்டால் உம்மோடு பேசவே மாட்டேன் என்றேன். அப்படி ஜெபிப்பது தப்புதான். ஆனாலும் ஜெபித்தேன்.

மறுநாள் அந்த ஊருக்கு முன்னால், ஆடு ஓட்டிப்போன ஒரு சேரி அம்மா காரை நிறுத்தினாள். ஏரி வற்றிக் கிடக்கிறது, உள்ளே இறங்கினால் சேரிப் பக்கமாகக் கரையேறிவிடலாம் என்றாள். இறங்கினேன். ஊரெல்லாம் தண்ணீருக்குத் தவித்த அந்த ஏரியில் நான் உட்கார்ந்து கார் ஓட்டினேன். அழுகை வந்துவிட்டது.

ஒரு மாதம் அப்படிப் போனது. ஒரு காலையில் அந்தப் பெரியதனக்காரரே ஏரிக்குள் ஓடிவந்து கை காட்டினார். மருமகளுக்கு இரண்டு நாளாகப் பிரசவ வலி.

"டிரைவரு, ஜல்தி வாப்பா. தெருவுல உக்காந்தே ஓட்டு, ஒருத்தனும் கேக்கமாட்டான்."

உட்கார்ந்தே போனேன். அவளை ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தாயும் பிழைத்தாள், ஆண் பிள்ளையும் பிழைத்தது. ஜெபம் கேட்கப்பட்டது என்று மனசு நிறைந்துவிட்டது. மறுநாள் தைரியமாகத் தெரு வழியே காரைத் திருப்பினேன். அவரே குறுக்கே நின்றார்.

"அது ஆபத்துக்குச் சொன்னதுடா. எறங்கு."

ஒரு நாளாவது என்று கேட்டேன். ஒரே ஒரு நாள் கிடைத்தது. ஆனால் நான் இறங்கவில்லை. ரிவர்ஸ் எடுத்து ஏரிக்கே போனேன்.

ஐப்பசியில் ஏரி நிரம்பியது. அதற்குள் சேரி ஆட்கள் கூடை கூடையாக மண் கொட்டி, ஏரிக்கரையைக் கார் போகும் அகலத்துக்கு ஆக்கிவிட்டார்கள். நான் யாரையும் கேட்கவில்லை. இன்றுவரை அதுதான் என் வழி. டிஸ்பென்சரிக்குப் போக அந்தத் தெருவைத் தாண்டப் பயந்த எங்கள் பெண்கள் இப்போது கரையிலேயே மருந்து வாங்குகிறார்கள். நர்ஸம்மா இறங்கி நின்று கொடுக்கிறார். இதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

அந்தத் தெரு மாறவில்லை. அன்று பிறந்த பிள்ளைக்கு ஏழு வயதாகிறது. அவன் வளர்ந்து என் மகனைப் பார்த்து இறங்கு என்று சொல்லக்கூடாது என்று தினமும் ஜெபிக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. நான் விடப்போவதில்லை. நீங்களும் என்னோடு சேர்ந்து கேளுங்கள்.