துப்பாக்கியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்

அறுபது வயதில் நான் பெயிலானேன், அதுவும் துப்பாக்கிப் பயிற்சியில். பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு அந்த அவமானம் நேர்ந்ததில்லை.

சோழபுரத்துக்கு மேற்கே எங்களுக்கு மக்காச்சோளக் காடு இருக்கிறது. காட்டுப்பன்றிக் கூட்டம் ஒன்று புகுந்தால் போதும், பயிர் படுத்துவிடும். வெடிச்சத்தம் கொடுத்து அவற்றை விரட்டுவதற்கு என் வீட்டுக்காரர் லைசென்ஸோடு ஒற்றைக் குழல் துப்பாக்கி வைத்திருந்தார். எழுபது தாண்டியதும் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. வீட்டில் இன்னொருவர் பெயருக்கு மாற்றலாம் என்றார்கள். பையன்கள் இருவரும் வெளியூரில். மிச்சம் நான்தான். அதற்குப் பாதுகாப்புப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் துப்பாக்கியை ஒப்படைத்துவிட வேண்டும். அவர் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

பயிற்சி ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு மைதானத்தில் நடந்தது. சொல்லிக்கொடுத்தவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கூடப் படித்தவர்கள் நகைக்கடைக் காவலுக்குப் போகிற ஆண்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, அத்தனை பேரிலும் நன்றாகப் பதில் சொன்னது நான்தான். எந்தத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே நினைக்க வேண்டும், முனை ஆள் பக்கம் திரும்பக் கூடாது, சுடும் வரைக்கும் விரல் ட்ரிகரில் படக் கூடாது என்று கடகடவென ஒப்பித்தேன்.

பிறகு துப்பாக்கியைக் கையில் கொடுத்தார். இரண்டு கையாலும் வாங்கினேன். குனிந்து கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"கீழ வைங்கம்மா," என்றார். குரல் உயரவில்லை. "முனை இப்ப எங்க இருந்துச்சு?"

என் கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தது. நகைக்கடைக் காவல்காரர்களில் ஒருவர் சிரித்தார். புது அரிவாளோ டிராக்டர் சாவியோ, எது கைக்கு வந்தாலும் கண்ணில் ஒற்றித்தான் எனக்குப் பழக்கம். அதை அவரிடம் சொன்னேன்.

"அரிவா வெடிக்காதும்மா. அடுத்த சனிக்கெழம வாங்க. அதுதான் கடைசி."

பஸ்ஸில் வரும்போது எரிச்சல் எரிச்சலாக வந்தது. வீட்டில் சொன்னால் அவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

"ஏட்டி, துப்பாக்கிக்கு முத்தம் கொடுத்தியாக்கும்?"

"நீங்க மட்டும் வருசா வருசம் ஆயுத பூசைக்கு என்ன செஞ்சீக? சந்தனம் வச்சு, கண்ணுல ஒத்தி..."

"அதுல தோட்டா இருக்காதுல்ல."

"இல்லன்னுதான் எல்லாரும் நெனைக்காகளாம். வாத்தியார் சொன்னாரு."

சிரிப்பு நின்றது. பொறவு எழுந்துபோய் மண்வெட்டிக் காம்பைக் கழற்றி எடுத்து வந்தார்.

அந்த வாரம் முழுக்க அதே வேலைதான். நான் அடுப்பில் இருந்தாலும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாலும் திடீரென்று வந்து காம்பை நீட்டுவார். வாங்கியதும் என் கை தானாக மேலே போகும். "முனை எங்கடி?" என்பார். எம்புட்டுத் தடவை என்று எனக்கே தெரியாது. வெள்ளிக்கிழமை காய்கறிக்காரர் முருங்கைக்காயை நீட்டினார். நான் நுனியைத் தரையைப் பார்க்கத் திருப்பி, விரலை நீட்டி வைத்துக்கொண்டு நின்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

சனிக்கிழமை அவரும் கூட வந்தார். மைதானத்து வேப்பமரத்தடியில் நடுங்கும் கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்தார். பயிற்சிக்காரர் துப்பாக்கியைக் கொடுத்தார். முனையைத் தரைக்குத் திருப்பினேன், விரலை வெளியே வைத்தேன், குழலை மடக்கித் திறந்து தோட்டா இல்லை என்று பார்த்துச் சொன்னேன். தலை குனியவே இல்லை.

ஒரு மணி நேரம் கழித்துச் சான்றிதழைக் கொடுத்தார். வாங்கியவள், தாளின் நுனி தரையைப் பார்க்க விறைப்பாக நின்றேன்.

"அம்மா, இதக் கண்ணுல ஒத்திக்கிடலாம். ஒண்ணும் செய்யாது," என்றார் பயிற்சிக்காரர்.

எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் நான் ஒற்றிக்கொள்ளவில்லை. வேப்பமரத்தடிக்குப் போய் அவரிடம் நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கினார். தாள் படபடவென்று அடித்துக்கொண்டது. அதைக் கண்ணில் வைத்து அழுத்திக்கொண்டார். எடுக்க வெகு நேரமாயிற்று. எடுத்தபோது என் பெயர் இருந்த இடம் ஈரமாக இருந்தது.