பிரபாவதி அழித்த ஒரு வரி

பிரபாவதியைப் பற்றி இங்கே இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். சோறு போட்டவர் கழுத்தை அறுத்தவள் என்கிறார்கள் பத்திர ஆபீஸ் தெருக்காரர்கள். ஏழையின் கிணற்றில் மண்ணள்ளிப் போட்டவள் என்கிறார்கள் கே.ஜி.கண்டிகைக்காரர்கள். பக்கத்துக் கடையில் பதினோரு வருஷமாக ஜெராக்ஸ் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தவள் நான், நிர்மலா. என்னை ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் போகிறது, நானே சொல்கிறேன்.

பத்திர எழுத்தர் வேதாசலத்திடம் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது வயது இருபத்திரண்டு. புருஷன் மணவூர் ஸ்டேஷனில் ரயிலில் அடிபட்டுச் செத்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அரக்கோணத்தில் டைப்ரைட்டிங் படித்திருந்தாள். வேதாசலம் ஒன்றும் விசாரிக்காமல் ஒரு நாற்காலியைக் காட்டினார். அன்று உட்கார்ந்தவள்தான். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது, கம்ப்யூட்டர் போய் லேப்டாப் வந்தது, அவள் மாறவில்லை. வடக்கே இன்னார் நிலம், கிழக்கே வண்டிப்பாதை என்று நான்கெல்லை அடிக்கும்போது உதடு தானாக அசையும். இருபத்தியொரு வருஷத்தில் ஒரு சர்வே எண்ணைக்கூட அவள் மாற்றி அடித்ததில்லை.

அந்த ஆபீசில் ஒரு வழக்கம். பதிவுக்கு முந்தின நாள் பத்திர நகலை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் லேப்டாப்பிலிருந்தே வாட்ஸப்பில் அனுப்பிவிடுவாள். திருத்தம் இருந்தால் எழுதி அனுப்ப வேண்டும். எதுவும் வராவிட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

எல்லப்பன் கே.ஜி.கண்டிகையில் பயிர் வைப்பவர். அறுபது வயது. எப்போதோ ஒரு பத்திரத்துக்காக ஆபீஸ் நம்பரை வாங்கியவர், அன்று முதல் தினமும் காலையில் ஒரு முருகன் படம் அனுப்புவார். கிருத்திகை என்றால் பத்துப் பதினைந்து வரும். எங்கள் ஊரில் போன் வைத்திருக்கும் பாதிப் பேருக்கு இந்தப் பழக்கம் உண்டு. மலைமேல் இருக்கும் முருகனுக்குக் கும்பிடு, கீழே இருப்பவர்களுக்குப் படம். பிரபாவதி அவற்றைத் திறப்பதே இல்லை. நானும்தான் திறப்பதில்லை, யாரைக் குறை சொல்ல?

போன வருஷம் அவர் நாற்பது சென்ட் நிலத்தை அசோக்குமார் என்பவருக்கு விற்றார். கிணறு அந்த நாற்பது சென்டுக்குள் போய்விட்டது. மீதி நிலத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் என்று வாய்ப்பேச்சு. அதை வேதாசலம் குறித்துக் கொடுக்கவில்லை, நகலில் ஏறவில்லை. நகல் போன அன்று கிருத்திகை. எல்லப்பன் மத்தியானம் முழுக்க எழுத்துக் கூட்டிப் படித்து, படங்களுக்கு நடுவே ஒரு வரி அடித்து அனுப்பினார். அதற்குப் பிறகும் அவர் கை சும்மா இருக்கவில்லை, இன்னும் மூன்று படம் அனுப்பினார். கடைசியாக வந்தது படம் என்று தெரிந்ததும் பிரபாவதி வழக்கம்போல் விட்டுவிட்டாள். மறுநாள் பதிவு ஆபீசில், படித்துப் பார்த்தாயா என்று சார்பதிவாளர் கேட்டதற்கு, சேர்த்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில் ஆங் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார் எல்லப்பன்.

மூன்று மாதம் கழித்து அசோக்குமார் கிணற்றைச் சுற்றி வேலி போட்டார். எல்லப்பன் நேராக இங்கே வந்தார்.

"நான் அன்னிக்கே மெசேஜ் போட்டேனேம்மா. என் போன் படமா ரொம்பி நின்னுபூட்ச்சி. கடையில குடுத்தா எல்லாத்தயும் தொடச்சிட்டான். உங்க லேப்டாப்புல கீதான்னு பாரும்மா."

"சாயங்காலமா பாத்து வெக்கறேன் நைனா. நாளைக்கு வாங்க," என்றாள்.

பார்த்தாள். இருந்தது. வேதாசலத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அதட்டியிருந்தால்கூட அவள் எதிர்த்துப் பேசியிருப்பாள். அவர் கெஞ்சினார்.

"எடுத்துடு பிரபா. இது மேல போச்சின்னா என் லைசென்ஸ் போயிடும். எழுபது வயசுல நான் எங்க போறது?"

அவள் என் கடைக்கு வந்தாள்.

"நிர்மலா, மொத்தமா அழிச்சிட்டா திரும்ப வருமா?"

"வராதுக்கா," என்றேன். எதை என்று கேட்கவில்லை. ஆதார் ஜெராக்ஸுக்கு ஆறு பேர் நின்றிருந்தார்கள். அவள் போய்விட்டாள். ஒரு பிரிண்ட் எடுத்து வை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மறுநாள் எல்லப்பனிடம் லேப்டாப்பில் ஒன்றும் இல்லை என்று வேதாசலமே சொல்லி அனுப்பினார். மனிதர் விடவில்லை. ஊரில் பேசி, பெரியவர்கள் இரண்டு பேரையும் அசோக்குமாரையும் கூட்டிக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை காலை மலையடிவாரத்துக்கு வந்துவிட்டார். படியில் கற்பூரம் ஏற்றி, அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தால் எங்கள் பக்கத்தில் அதற்குமேல் பேச்சு கிடையாது. பிரபாவதியைச் சத்தியம் செய்யக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கிளம்பும்போது வேதாசலம் அவள் காதருகே சொன்னார். "லேப்டாப்புல ஒண்ணும் இல்லன்னு சொல்லு, போதும். அது நெஜந்தான." துணைக்கு நான் போனேன்.

எல்லப்பனே கற்பூரத்தை ஏற்றினார்.

"மெசேஜ் வரலன்னு அணைச்சிடும்மா. நான் கிணத்த விட்டுடறேன். உம்மேல சந்தேகப்பட்டதுக்கு மலையேறி மன்னிப்பு கேட்டுக்கறேன்."

பிரபாவதி குனிந்து கையை நீட்டினாள். சுடர் உள்ளங்கையில் பட்டிருக்கும், அவ்வளவு கிட்டே போனது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"வந்துச்சி நைனா," என்றாள். "அன்னிக்கி நான் பாக்கல, தப்பு என்னுது. நீங்க வந்து கேட்டப்பறம் பாத்தேன். பாத்துட்டு அழிச்சிட்டேன்."

பெரியவர்கள் இரண்டு பேரும் அசோக்குமாரைப் பார்த்தார்கள். அவர் சத்தம் போடவில்லை, பதில் தயாராகவே வைத்திருந்தார்.

"வாய்ல சொன்னா ஆச்சா? வந்ததுன்னா காட்டுங்க. காட்டினா நானே திருத்தி எழுதிக் குடுக்கறேன்."

அவளிடம் காட்ட என்ன இருக்கிறது? நான் வாயைத் திறந்து அந்த ஆளைக் கண்டபடி ஏசினேன். ஒரு பிரயோசனமும் இல்லை. அவர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சத்தியம் நடக்காததால் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று பெரியவர்களும் நகர்ந்தார்கள். உண்மையை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள், அந்த உண்மையால் ஒரு குடம் தண்ணீர்கூட வரவில்லை.

எல்லப்பன் கீழ்ப்படியில் உட்கார்ந்து செருப்பை மாட்டினார். பிரபாவதி அவர் எதிரில் நின்றுகொண்டே இருந்தாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"ஏம்மா," என்றார் அவர். "எனக்கு அத அடிக்க அரைமணி நேரம் ஆச்சி. அழிக்கறப்ப ஒரு தபாவாவது படிச்சியா?"

"படிச்சேன் நைனா. 'கிணத்து தண்ணி ஒருநாள் உட்டு ஒருநாள் எனக்கு. அத உட்டுட்டீங்க, சேத்து எழுதும்மா.' மூணு தபா படிச்சேன்."

அவர் மற்றக் காலிலும் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"அப்டின்னா சரியாத்தான் அடிச்சிருக்கேன்," என்று சொல்லிவிட்டு, எழுந்து பஸ் நிற்கும் பக்கமாக நடந்தார்.