ஆர்லிஸின் தடித்த எழுத்து

ஆர்லிஸ் ட்வெய்ட் பள்ளிச் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். மதியச் சாப்பாட்டுப் பலகையில் தடித்த மார்க்கரால் அவர் வரைகிற எழுத்து குட்டையாக, தடியாக, வயிறு முட்டச் சாப்பிட்டு நிற்கிற ஆள் மாதிரி இருக்கும். அச்சுக்கடை டெல்மர் எல்லா எழுத்தையும் அவரையே வரைந்து தரச் சொல்லி வாங்கி, அச்செழுத்தாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார். கைவேலை போலவே தெரியட்டும் என்று ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு விதமாக வரையச் சொன்னார்.

அதன்பின் விஸ்கான்சினின் அந்தச் சிற்றூருக்கு வேறு எழுத்தே இல்லை. தேவாலயத்தின் வெள்ளிக்கிழமை மீன் விருந்து, மதுக்கடையில் இறைச்சியைப் பரிசாகத் தரும் சீட்டுக் குலுக்கல், காணாமல் போன பூனை எல்லாவற்றுக்கும் அதுதான். ஆர்லிஸுக்கு முதலில் பெருமையாக இருந்தது. பிறகு அலுத்துவிட்டது.

அந்த வசந்தத்தில், பள்ளிக்காக வரியைக் கூட்டலாமா என்று வாக்கெடுப்பு வந்தது. தோற்றால் பள்ளிக்குப் பூட்டு, ஆர்லிஸுக்கும் வேலை போய்விடும். புல்வெளிக்குப் புல்வெளி 'வேண்டும்' என்று அட்டை நட்டிருந்தார்கள். எதிர்வீட்டு வெர்லின் மட்டும் 'வேண்டாம்' நட்டிருந்தார். அதுவும் ஆர்லிஸின் எழுத்தே. அவர் நேரே அச்சுக்கடைக்குப் போனார்.

"வேண்டாம்னு சொல்றவங்களுக்கும் என் எழுத்துதான் கெடச்சுதா, டெல்மர்?"

"வேற எழுத்து ஆகாதுன்னுட்டாங்க. நான் என்ன பண்ணட்டும், வந்த ஆள வெரட்டவா?"

அன்று மாலை வெர்லின் ஒரு ஆப்பிள் பை சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். பனி உருகுவதைப் பற்றிப் பேசினார்கள். அட்டையைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. அந்த ஊரில் அதற்குப் பெயர் மரியாதை.

வாக்கெடுப்பன்று ஈரப்பனி கொட்டியது. பாதிப் பேர்கூட வரவில்லை. பள்ளி பதினோரு ஓட்டில் தோற்றது.

ஜூனில் பள்ளிச் சாமான்களை ஏலம் விட்டார்கள். "ஏல அறிவிப்புக்குப் பெரிய பலகையா வேணும், ஆர்லிஸ். டெல்மர் மெஷின்ல நுழையாது. நீங்களே எழுதிக் குடுத்துடுங்க," என்றார் பள்ளி நிர்வாகி. கேட்கிறவருக்குக் கூச்சமே இல்லை. மாட்டேன் என்று சொல்ல ஆர்லிஸுக்குத் தெம்பும் இல்லை. ஒட்டுப்பலகையில் இரண்டு நாள் முட்டிபோட்டு எழுதினார்.

ஏலத்தன்று கார்கள் நெடுஞ்சாலைவரை நின்றன. ஊரே திரண்டிருந்தது. ஓட்டுப் போட வராத முகங்களை ஆர்லிஸ் எண்ணத் தொடங்கி, நாற்பதுக்குமேல் விட்டுவிட்டார்.

சமையலறையின் பெரிய சூப் பானையை ஏலத்தில் எடுத்தது மார்னி. இரண்டு பிள்ளைகளை அந்தப் பள்ளியில் படிக்க வைத்தவள்.

"ஓட்டுப் போட வந்தியா, மார்னி?"

"வரல, ஆர்லிஸ். எங்க பாத்தாலும் 'வேண்டும்'னு உங்க எழுத்து அவ்ளோ பெருசா இருந்துச்சு. எப்படியும் ஜெயிச்சிடுவோம்னு வீட்லயே இருந்துட்டேன்."

ஆர்லிஸ் பானையின் மறுகாதைப் பிடித்து, அவள் காரில் ஏற்றக் கைகொடுத்தார்.