சீரகத் தண்ணி ஆத்தாயி

“மூத்தரம் போச்சுங்களா?”

வாசற்படியில் ஒரு காலை வைத்தபடி ஆத்தாயி முதலில் கேட்பது இதைத்தான். சுரம் எப்படி, தூக்கம் வந்ததா என்பதெல்லாம் அவளுக்குப் பிற்பாடு. பதில் வரும்வரை அடுத்த காலை எடுத்து வைக்கமாட்டாள். “போச்சுங்க” என்று உள்ளேயிருந்து குரல் வந்தால், “எத்தன தடவை? என்ன நெறம்?” என்று அடுத்த கேள்வி. ராசிபுரத்து நெசவுத் தெருவில், தறிச் சத்தத்தையும் மீறி இந்த விசாரணை மூன்று வீடு தள்ளிக் கேட்கும்.

தறிக்குப் பாவு நூல் நீவிக்கொண்டிருக்கும் பெண்கள் சிரிப்பார்கள். “மூத்தரத்துக்குத் தீர்வை வாங்க மணியகாரி வந்துட்டாடி!”

ஆத்தாயி திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. “ஆமாங்கண்ணு. தீர்வையை ஒழுங்காக் கட்டிப்போடு, நாம்பாட்டுக்குப் போயிர்றேன்.”

ஐம்பது வயதிருக்கும். மெலிந்த, நீண்ட உடம்பு. நடக்கும்போது தலை முன்னால் போகும், கால்கள் பின்னால் வந்து சேரும். இடுப்பில் செருகிய சேலைத் தலைப்பில் எப்போதும் ஒரு பிடி சீரகம் முடிந்திருக்கும். கையில் நீலக்கரை போட்ட ஒரு வெள்ளை எனாமல் குவளை. அது எதற்கென்று தெருவுக்கே தெரியும் என்பதால் அவளிடம் யாரும் அதை இரவல் கேட்பதில்லை. வீட்டிலிருக்கும் பித்தளைச் சொம்பு போதாதா என்று ஒருத்தி கேட்டதற்கு ஆத்தாயி சொன்னாள்: “பித்தாளையில பாத்தா எல்லாரு மூத்தரமும் தங்கமாத்தான் தெரியும். வெள்ளைக் குவளைதான் பொய் சொல்லாது.”

தர்மாஸ்பத்திரியில் ஆயா வேலை. பதினொரு வருஷம் பெருக்கி, துடைத்து, கட்டுத்துணி அவித்துக்கொண்டிருந்தவள். வீடு வீடாகப் போய் விசாரிக்கும் இந்த வேலை சேர்ந்துகொண்டது சல்பா மாத்திரை வந்த பிறகுதான். நெஞ்சில் சளி கட்டி, விலாவில் குத்தெடுத்து, முடிவு ஏழாம் நாளா ஒன்பதாம் நாளா என்று வீடே விரல் மடக்கிக் காத்திருக்கும் அந்தச் சுரத்தை மூன்றே நாளில் மடக்குகிற மாத்திரை. யுத்த காலத்தில் அது கிடைப்பதே அரிது. டாக்டர் சீட்டு இல்லாமல் ஒன்றுகூடப் பெயராது. ஆனால் அதைத் தின்றவன் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் மருந்து சிறுநீரகத்தில் மணலாகப் படிந்து வழியை அடைத்துவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன் சேந்தமங்கலத்து வண்டிக்காரர் ரங்கனுக்கு அப்படித்தான் ஆயிற்று. சுரம் போன இரண்டாம் நாள் ஒரு சொட்டு மூத்திரம் இறங்கவில்லை, கடைசியில் விழுந்தது இரத்தம். அவருடைய மாட்டு வண்டியிலேயே அவரைப் படுக்கவைத்துச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். வண்டியில் கூடப் போனவள் ஆத்தாயி. ரங்கன் பிழைத்துத் திரும்பிவிட்டார். ஆனால் அன்றிலிருந்து, மாத்திரைப் பொட்டலம் போகிற ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னாலேயே அவளும் போகிறாள். டாக்டர் போகச் சொன்னாரா, அவளாகப் போகத் தொடங்கி அவர் சும்மா விட்டுவிட்டாரா என்பது யாருக்கும் தெரியாது.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் கொழும்பிலிருந்து விடுமுறையில் வந்து, இந்தத் தெருவில் அக்காள் வீட்டில் தங்கியிருந்தபோது, மாத்திரை டப்பிக்குள் இருந்த ஆங்கிலக் காகிதத்தை ஒருநாள் அவளுக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். “அதுலயும் தண்ணின்னுதான் போட்டிருக்குதுங்களா? பரவால்லீங்க. வெள்ளக்காரனுக்கும் தெரிஞ்சிருக்குது.”

நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டிய மருந்துக்குக் கடிகாரம் இல்லாத வீடுகளில் கணக்கு வைப்பது எப்படி? தாலுக்கா கச்சேரியில் காவலாள் அடிக்கும் மணியைத்தான் அவள் நம்பச் சொல்வாள். சிலர் பெட்ரோல் பஞ்சத்தில் கரிவாயுவில் ஓடும் சேலம் பஸ் வரும் நேரத்தை வைத்துக்கொள்கிறோம் என்பார்கள். “கரி பஸ்ஸை நம்பி மாத்தர குடுத்தீங்கன்னா, சுரம் ஈரோடு போய்ட்டுத் திரும்பி வந்துருமுங்க.”

அவளுக்குப் பெரிய எதிரி நோய் அல்ல. சுரக்காரனுக்குப் பச்சைத் தண்ணீர் ஆகாது என்பது இந்தப் பக்கத்தில் கல்வெட்டு. உதட்டை ஈரத்துணியால் ஒற்றுவார்கள். ரொம்பக் கெஞ்சினால் ஒரு கரண்டி. எங்கள் எதிர்வீட்டுப் பெரியநாயகியும் அப்படித்தான். யுத்தம் முடிந்த அடுத்த தை மாதம் அவளுடைய ஒரே மகன் சரவணமுத்துவுக்கு அந்தச் சுரம் வந்தது. கட்டிலில் கிடந்து அவன் மூச்சு விடுவது தெருவில் கேட்டது. டாக்டர் சீட்டு எழுதி மாத்திரை வந்தது. ஆனால் பெரியநாயகி தண்ணீர்க் குடத்தைத் தூக்கிச் சமையல் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டாள்.

ஆத்தாயி வாதாடவில்லை. “தண்ணி ஆகாதுதானுங்க. ஆருங்க குடுக்கச் சொன்னா?” என்றாள். அடுப்பில் ஒரு பானை வைக்கச் சொன்னாள். தலைப்பை அவிழ்த்து ஒரு சிட்டிகை சீரகத்தை எடுத்துப் போட்டாள். “இது கசாயமுங்க. சீரகக் கசாயம்.” ஒரு பானைத் தண்ணீருக்கு அந்தச் சிட்டிகை நிறத்தைக்கூட மாற்றவில்லை. ஆனால் கசாயம் என்று ஆனபின் பெரியநாயகி தன் கையாலேயே ஆற்றி ஆற்றி ஊற்றினாள். ஒவ்வொரு தடவையும் ஒரு சொம்பு. மூன்றாம் நாள் சாயங்காலம் சரவணமுத்துவுக்கு வேர்த்துக் கொட்டியது. கண்ணைத் திறந்து, ரசஞ்சோறு வேண்டும் என்றான்.

நாலாம் நாள் காலையில் ஆத்தாயி வந்து வழக்கமான கேள்வியைக் கேட்டாள். பதிலுக்குத் தறிச் சத்தம் வந்தது. கட்டில் சுவரோரம் நிமிர்த்தி வைத்திருந்தது. சரவணமுத்து தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தான். முகூர்த்தச் சேலை, வெள்ளிக்கிழமைக்குள் தறியிலிருந்து அறுத்துக் கொடுக்க வேண்டுமாம்.

“மாத்தரப் பொட்டணம் எங்கீங்க?”

பெரியநாயகி முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். “அதுதான் சுரம் உட்டுப் போச்சே. மிச்சம் பதினெட்டு இருந்துச்சு. பங்காளி ஊட்டுக்கெல்லாம் ஆறாறாப் பங்கு வெச்சுட்டேன்.”

அந்தத் தெருவின் வழக்கம் அது. கிடைத்தற்கரிய பொருள் எது வந்தாலும், பழநிப் பஞ்சாமிர்தமானாலும் சரி, கொல்லிமலைத் தேனானாலும் சரி, மூன்று பங்காளி வீட்டுக்கும் ஒரு பங்கு போய்விடும். சாமான்யத்தில் கிடைக்காத மாத்திரையையும் அவள் அப்படியே செய்திருந்தாள்.

ஆத்தாயி குழிக்குள் குனிந்து சரவணமுத்துவின் முதுகில் புறங்கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. “சூடு திரும்புது” என்றாள்.

“எனக்கு ஒண்ணுமில்லீங்க” என்றான் அவன். இரண்டு சொல் பேசுவதற்குள் இரண்டு இருமல்.

“ஏஞ்சாமி, ஒரு முழம் மிச்சமிருக்கையிலயே இந்தச் சேலைய அறுத்துக் குடுத்தா மொதலாளி வாங்குவானா?”

“மொகத்துல வீசுவான்.”

“மாத்தரைய மட்டும் பாதீல அறுத்துப்போட்டியே.”

சரவணமுத்து ஓடத்தை வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு குழியிலிருந்து ஏறினான். ஆத்தாயி கட்டிலைச் சாய்த்துப் போட்டாள்.

பங்கு போன மாத்திரைகளைத் திருப்பி வாங்கக் கிளம்பினாள். முதலில் அர்த்தநாரி வீடு. அறுபதைத் தாண்டிய அவர், பல்வலிக்கென்று இரண்டை முழுங்கிவிட்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

“உங்களுக்குச் சீட்டு எழுதுனது ஆருங்க?”

“ஆரும் எழுதுலீங்க. பெரியநாயகி குடுத்துச்சு.”

“அது எப்பங்க டாக்டருக்குப் படிச்சுது?”

மீதி நான்கையும் வாங்கிக்கொண்டு, உடம்பில் தடிப்பு கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்றாள். அதோடு விடவில்லை. சொம்பு சொம்பாகக் குடிக்கவைத்து, அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்த் திரும்பும்வரை வாசலிலேயே நின்றாள். தெரு அன்றைக்குச் சிரித்தது போல என்றும் சிரித்ததில்லை. இரண்டாவது பங்கு போன வீட்டில் சௌந்திரம் ஒரு மாத்திரையை உரசிக் குழந்தையின் கட்டிக்குப் பற்றுப் போட்டிருந்தாள். மீதி ஐந்து வந்தது. குழந்தையை டாக்டரிடம் காட்டச் சொல்லி ஆத்தாயி அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள்.

இங்கே நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இதே மாத்திரை எட்டு என் டிரங்குப் பெட்டியில் இருந்தது. போன வருஷம் கொழும்பில் எனக்குக் கொடுத்ததில், உடம்பு தேறியதும் மிச்சம் பிடித்தது. எதற்கும் இருக்கட்டுமே என்று. ஒரு தும்மலுக்கே நாலு டாக்டரை நினைக்கிற சுபாவம் எனக்கு. எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். ஆத்தாயி என்னையும் டப்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். “ரெண்டு பாசை படிச்சவங்க” என்று மட்டும் சொன்னாள். டப்பி டாக்டரிடம் போயிற்று. பழைய மாத்திரையை நோயாளிக்குக் கொடுக்க அவள் சம்மதிக்கவில்லை.

மூன்றாவது பங்கு குழந்தைவேல் வீட்டில். அங்கே போகவிடாமல் பெரியநாயகி ஆத்தாயியின் கையைப் பிடித்துக்கொண்டாள். நடுச்சுவர்த் தகராறில் குழந்தைவேல் இந்த வீட்டு வாசலை மிதித்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் “வாங்க பெரீம்மா” என்று வாய் திறந்திருந்தான்.

“வேண்டாம் ஆத்தாயி. மூணு வருசங் கழிச்சு இப்பத்தான் மொகம் பாத்துப் பேசுனான். குடுத்ததத் திருப்பிக் கேட்டா இனிச் சாவுக்குக்கூட வரமாட்டான்.”

“இப்பக் கேக்காட்டி சாவுக்குத்தானுங்க வருவான்.”

பெரியநாயகியின் கை தானாகத் தளர்ந்தது.

குழந்தைவேல் தறியில் இருந்தான். மாத்திரை ஆறும் மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குக் கீழே இருந்தது. ஆத்தாயி வாசலில் நின்றே மாத்திரையைக் கேட்டாள்.

“பெரீம்மா கேக்கச் சொல்லுச்சா?” என்றான் அவன்.

“இல்லீங்க. கேக்கக் கூடாதுன்னு அழுவுது. நாந்தான் கேக்கறேன். சரவணமுத்துக்குச் சூடு திரும்பிருச்சு.”

அவன் ஓடத்தைக் கீழே வைத்தான். பிறகு எழுந்து, முடிச்சை எடுத்தான். ஆத்தாயி நீட்டிய கையில் அதை வைக்கவில்லை. அவளைத் தாண்டித் தெருவில் இறங்கி, அடுத்த வாசலில் தலை குனிந்து நுழைந்து, கட்டிலருகே மண்டியிட்டான். “டேய் சரவணா, வாயத் தொற” என்றான். பின்னாலேயே அவன் மனைவி பூவாத்தாள் ஒரு சொம்போடு ஓடினாள். வழியிலேயே, “சீரகம் போட்டிருக்குதுங்க, பெரியத்தே!” என்று கத்திக்கொண்டு.

ஆத்தாயி நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஒரு இரவு மருந்து தவறியதை ஒளிக்காமல் டாக்டரிடம் சொன்னாள். அவர் வந்து பார்த்து, குறைந்த மூன்றுக்கும் சீட்டு எழுதி, எத்தனை நாள் என்று புதிதாகச் சொல்லிப் போனார். அந்த நாட்களில் கச்சேரி மணி அடித்ததும் மூன்று வீட்டிலிருந்தும் யாராவது ஒருவர் சொம்போடு கிளம்புவதைப் பார்த்தேன். சரவணமுத்து, “நான் சுரத்துல சாகலைன்னாலும் வயிறு வெடிச்சுச் சாவேன்” என்று புலம்பினான். வெள்ளைக் குவளையைப் பார்த்து ஆத்தாயி தலையாட்டுவாள்.

கடைசி மாத்திரை உள்ளே போன மறுநாள், டாக்டர் குழாய் வைத்துப் பார்த்து நெஞ்சு சுத்தம் என்று சொல்லிவிட்டார். பெரியநாயகி தட்டில் வெற்றிலை பாக்கும் ஒரு ரவிக்கைத் துண்டும் வைத்துக்கொண்டு நின்றாள். ஆத்தாயி தட்டைப் பார்க்கவில்லை. சரவணமுத்துவைத் திரும்பி உட்காரச் சொல்லி, அவன் முதுகில் தன் காதை அழுத்தி வைத்தாள். தெருவெல்லாம் தறிச் சத்தம். கண்ணை மூடிக்கொண்டு வலது கையை உயர்த்தினாள். சன்னல் வழியே பார்த்த குழந்தைவேல் தறியை நிறுத்தினான். அதற்கடுத்த வீடும் நின்றது. ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு, மூன்றாவது; எதிலும் இரைச்சல் இல்லை. ஆத்தாயி உயர்த்திய கையை மெதுவாக இறக்கினாள்.